கால் அங்குலத்தின் கதை: மின் கிதாரின் கழுத்து

மின் கிதாரின் கழுத்தை முதல் ஃப்ரெட், 12ஆம் ஃப்ரெட் ஆகிய இரண்டு இடங்களில் அளப்பது வழக்கம். அந்த இடங்களில் விரற்பலகையின் முகத்திலிருந்து கழுத்தின் முதுகு வரை இருக்கும் தடிமனை வைத்துத்தான் வாசிப்பவர்கள் ‘மெல்லிய நெக்’, ‘தடித்த நெக்’ என்று பிரிக்கிறார்கள். மிக மெல்லிய கழுத்துகள் முதல் ஃப்ரெட்டில் 17 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். மிகத் தடித்தவை அதே இடத்தில் 25 மி.மீ.யைத் தொடும். நடுவில் உள்ள வித்தியாசம் கால் அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். கடந்த நூறு ஆண்டுகளில் இந்தக் கால் அங்குலம் பலமுறை கரைந்து, பலமுறை திரும்பி வந்திருக்கிறது. அதைக் கரைத்தவை பெரும்பாலும் இரும்பும் தந்தியும் வியாபாரமும்தான். வாசிப்பவரின் கை அந்தக் கணக்கில் பிந்தித்தான் சேர்ந்தது.

நரம்புத் தந்தி கட்டிய பழைய கிதாருக்குக் கழுத்தின் தடிமன் பெரிய கவலையாக இருக்கவில்லை, இழுப்பு குறைவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எஃகுத் தந்தி பரவியபோது கணக்கு மாறியது. நடுத்தரத் தடிமன் கொண்ட ஆறு எஃகுத் தந்திகளைச் சுருதி கூட்டினால் அவை மொத்தமாக 70 கிலோவுக்கு மேல் கழுத்தை முன்னோக்கி இழுக்கும். நாளடைவில் மரம் வில்லாக வளையும். தந்தி பலகையை விட்டு எழும்பி நிற்கும். இதற்கு அன்றைய தச்சரிடம் இருந்த மருந்து கூடுதல் மரம் மட்டுமே. ஒரு மரச் சட்டத்தின் விறைப்பு அதன் தடிமனின் முப்படியைப் பொறுத்தது. 20 மி.மீ. சட்டத்தை 25 மி.மீ. ஆக்கினால் மரம் கால் பங்குதான் கூடுகிறது. விறைப்போ ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. படகின் அடிப்பாகம் போல நடுவில் முகடு கட்டிய, V வடிவக் கழுத்துகள் அந்தக் காலத்து மாண்டலின்களிலும் கிதார்களிலும் நிறைய இருப்பதற்கு இதுவே காரணம். பிடிப்பதற்கு வசதியா என்று கேட்டு அவை செதுக்கப்படவில்லை.

தடிமனுக்கு முதல் மாற்று மிச்சிகன் மாநிலத்தின் கலமாசூவில் இருந்த கிப்சன் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அங்கே வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ, கழுத்துக்குள் ஒரு எஃகுக் கம்பியைப் பதித்து, தலைப்பகுதியில் ஒரு நட்டைத் திருகி வளைவைச் சரிசெய்யும் முறைக்கு 1921இல் காப்புரிமை கேட்டார், 1923இல் கிடைத்தது. ‘ட்ரஸ் ராட்’ என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். இழுப்பைத் தாங்கும் வேலை மரத்திடமிருந்து கம்பிக்குப் போனவுடன் கிப்சன் தன் கழுத்துகளை இளைக்க வைத்தது. பென்சில்வேனியாவின் மார்ட்டின் நிறுவனம் வேறு வழியில் போனது: 1934 முதல் T வடிவ எஃகுச் சட்டத்தைக் கழுத்துக்குள் நிரந்தரமாகப் பதித்தது. திருகிச் சரிசெய்ய முடியாது, ஆனால் வளையாது.

ஒல்லியான கழுத்துக்கான கோரிக்கை வாசிப்பவர்களிடமிருந்தும் வந்தது. 1920களின் கடைசியில் பாஞ்சோ மோகம் வடிந்து, நடனக் குழுக்களில் பாஞ்சோ வாசித்தவர்கள் கிதாருக்குத் தாவினார்கள். நான்கு தந்தியின் ஒடுங்கிய கழுத்தில் பழகிய கைகளுக்குக் கிதாரின் அகலம் தொல்லையாக இருந்தது. அட்லாண்டாவின் பாஞ்சோக் கலைஞர் பெர்ரி பெக்டெலின் யோசனையில் 1929இல் மார்ட்டின் உருவாக்கிய ஓ.எம். மாடலில் கழுத்து ஒடுங்கியது, உடலிலிருந்து வெளியே 14 ஃப்ரெட்டுகள் நீண்டது. மின் கிதார் பிறப்பதற்கு முன்பே அதன் கழுத்துக்கான இலக்கணத்தில் பாதி எழுதப்பட்டுவிட்டது.

முதல் மின் கிதாருக்குக் கழுத்துத் தடிமன் என்ற பிரச்சினையே கிடையாது என்பது ஒரு வேடிக்கை. ஜார்ஜ் போஷாம், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் இருவரும் 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஃப்ரையிங் பேன்’ மடியில் கிடத்தி, எஃகுத் துண்டால் தந்தியை அழுத்தி வாசிக்கும் ஹவாய்ப் பாணி வாத்தியம், அலுமினியத்தில் வார்த்தது. கை அதன் கழுத்தைச் சுற்றிப் பிடிக்கவே தேவையில்லை. சுற்றிப் பிடித்து வாசிக்கும் மின் கிதார்களில் பெயர் பெற்றது 1936இல் வந்த கிப்சன் இ.எஸ்.-150. ஜாஸ் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் அதைத் தனி வாத்தியமாக மேடையில் நிறுத்தினார். கட்டுமானத்தில் அது ஒலிப்பெட்டி கொண்ட பழைய கிதார்தான். கழுத்தும் அந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே.

இரண்டாம் உலகப் போர் தடிமனைச் சில ஆண்டுகள் மீட்டுக் கொடுத்தது. உலோகம் போர்த் தளவாடத்துக்கு ஒதுக்கப்பட்டதால் 1942க்கும் 1945க்கும் இடையில் கிப்சன் தயாரித்த கிதார்களில் பலவற்றில் ட்ரஸ் ராட் இல்லை. கம்பி போன இடத்தை மரம் நிரப்பியது. பேஸ்பால் மட்டையைப் பிடித்த மாதிரி இருக்கும் என்று இன்று சொல்லப்படும் கழுத்துகளுக்கு அந்த ஆண்டுகளின் ஜே-45 ஒலிக் கிதார்களே சிறந்த மாதிரி. பற்றாக்குறையில் பிறந்த அந்த வடிவம், அரை நூற்றாண்டு கழித்துச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் சிறப்பம்சமாக மாறியது.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் வானொலி பழுது பார்ப்பவராகத் தொடங்கிய லியோ ஃபெண்டர், 1950இல் எஸ்குயர் என்ற பெயரில் ஒலிப்பெட்டி இல்லாத கட்டைக் கிதாரைக் கொண்டுவந்தபோது இதே சிக்கல் மறுபடி எழுந்தது. மேப்பிள் கெட்டி மரம், ஒரே துண்டாகச் செதுக்கினால் கம்பி தேவைப்படாது என்று அவர் நம்பினார். முதல் கிதார்களில் கழுத்து வளையத் தொடங்கியது, புகார் வந்தது. விற்பனையைக் கவனித்த டான் ராண்டல் வற்புறுத்தியதில், அதே ஆண்டின் இறுதியில் பிராட்காஸ்டர் என்ற பெயரில் வந்த கிதாரில் ட்ரஸ் ராட் இடம்பெற்றது. அந்தப் பெயருக்கு கிரெட்ச் நிறுவனம் ஆட்சேபம் தெரிவித்ததால் 1951இல் அது டெலிகாஸ்டர் ஆனது. தனி விரற்பலகை இல்லாமல் ஃப்ரெட்டுகளை மேப்பிளிலேயே அடித்திருந்ததால், கம்பியைக் கழுத்தின் முதுகுப் பக்கமாக நுழைத்து, அந்தப் பள்ளத்தை வால்நட் கீற்றால் மூடினார்கள். ஃபெண்டர் கழுத்தின் பின்னால் ஓடும் கறுத்த கோடு அதுதான்.

கம்பி வந்த பிறகும் கழுத்து உடனே இளைக்கவில்லை. 1951இன் டெலிகாஸ்டர்கள் முதல் ஃப்ரெட்டிலேயே ஓர் அங்குலத்தை நெருங்குகின்றன; வெட்டிப் பார்த்தால் U போலப் பக்கங்கள் நிமிர்ந்து நிற்கும். 1955 வாக்கில் முதுகில் முகடு தோன்றி மெல்லிய V ஆனது. 1958இல் முகடும் மறைந்து கழுத்து மெலிந்தது. இந்த மாற்றங்களுக்கு எழுதி வைத்த வரைபடம் எதையும் தேட வேண்டாம். இயந்திரத்தில் தோராயமாக அறுத்த கட்டையை மணல்பட்டையில் வைத்து, கண்ணாலும் கையாலும் பார்த்து உருட்டி முடித்தார்கள் தொழிலாளர்கள். ஒரே மாதத்தில் ஒரே மேசையிலிருந்து வந்த இரண்டு கழுத்துகள் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்படி உருட்டியவர்களில் டடேயோ கோமஸ் என்பவரின் பெயர் மட்டும் பரவலாக நிலைத்தது. கழுத்தின் அடிமுனையில் பென்சிலால் அவர் எழுதிய ‘டி.ஜி.’ என்ற எழுத்துகளை இன்றும் பழைய கிதார்களைக் கழற்றிப் பார்ப்பவர்கள் தேடுகிறார்கள்.

கழற்ற முடிவதுதான் ஃபெண்டரின் இன்னொரு பங்களிப்பு. கழுத்தை உடலோடு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் அவர் மாட்டினார். வானொலியில் கெட்ட வால்வைக் கழற்றி வேறு மாட்டிப் பழகியவருக்கு அது இயல்பான தீர்வு: தேய்ந்த கழுத்தை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டலாம். உற்பத்தி வேகத்துக்காகவும் பழுது வசதிக்காகவும் செய்த ஏற்பாடு அது. தங்கள் கைக்குப் பொருந்திய கழுத்தைத் தேடுபவர்களுக்குப் பிற்காலத்தில் அதைவிடப் பெரிய உதவி எதுவும் அமையவில்லை.

1958இல் ஜாஸ்மாஸ்டரிலும் அடுத்த ஆண்டு மற்ற மாடல்களிலும் ஃபெண்டர் ரோஸ்வுட் விரற்பலகைக்கு மாறியது. முதலில் பிரேசில் மரம். 1960களின் நடுவில் இந்திய ரோஸ்வுட். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும், தமிழில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் அழைக்கப்படும் மரம் அது. உலகெங்கும் லட்சக்கணக்கான மின் கிதார்களில் விரல் படும் பரப்பு அந்த மரமாகவே இருந்துவருகிறது.

கிப்சன் பக்கம் கதை வேறு விதமாக ஓடியது. 1952இல் லெஸ் பால் மாடலோடு அது கட்டைக் கிதார் உலகுக்குள் நுழைந்தது: மஹோகனிக் கழுத்து, உடலோடு ஒட்டியது, நட்டிலிருந்து (கழுத்தின் தலைமுனையில் தந்திகள் பதியும் கீற்று) பாலம் வரை தந்தியின் நீளம் 24¾ அங்குலம், ஃபெண்டரில் 25½. 1958 முதல் 1960 வரை செர்ரியும் மஞ்சளும் கலந்த ‘சன்பர்ஸ்ட்’ பூச்சோடு வந்தவை ஏறத்தாழ 1,500. இந்த மூன்று ஆண்டுகளுக்குள் கழுத்து இளைத்த விதத்தைச் சேகரிப்பாளர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1958இல் முதல் ஃப்ரெட்டில் 23 மி.மீ., 12ஆம் ஃப்ரெட்டில் 25 மி.மீ. அளவில் உருண்டு இருந்தது. 1959இல் தோள்கள் சற்றே வழிந்தன. 1960இன் போக்கில் முதல் ஃப்ரெட்டில் 20 மி.மீ. அளவுக்குச் சப்பையானது. இங்கேயும் கைவேலைதான் என்பதால் ஆண்டை வைத்து அளவைச் சொல்வது ஓரளவுக்கே பலிக்கும். ‘59 நெக்’ என்று இன்று விற்கப்படும் ஒற்றை வடிவம், பல வடிவங்களிலிருந்து பின்னாளில் எடுத்த ஒரு சராசரி.

1960இல் கிப்சன் கழுத்தை இளைத்தது விற்பனைக்காக. லெஸ் பாலுக்கு வரவேற்பு குறைந்துகொண்டிருந்தது. ஃபெண்டர் வேகமாக முன்னேறியது. எளிதாக, வேகமாக வாசிக்கலாம் என்பதே அன்றைய விளம்பரங்களின் மந்திரம். தாழ்ந்த ஃப்ரெட்டுகள் கொண்ட லெஸ் பால் கஸ்டமை, ஃப்ரெட்டே இல்லாதது போன்ற அதிசயம் என்று அதற்கு முன்பே விளம்பரம் செய்திருந்தார்கள். மெல்லிய கழுத்து அந்தத் திசையில் அடுத்த அடி. 1961இல் உடலும் மெலிந்து, இரண்டு கொம்பு வைத்து, பின்னர் எஸ்.ஜி. என்று பெயர் பெற்ற மாடல் பிறந்தது. 1965 வாக்கில் நட்டின் அகலத்தையும் 1 11/16 அங்குலத்திலிருந்து 1 9/16க்குக் குறைத்தார்கள். தடிமனும் போய் அகலமும் போன அந்தக் கழுத்துகளைப் பெரிய கைக்காரர்கள் இன்றும் தவிர்க்கிறார்கள்.

இளைத்த கழுத்துக்கு ஒரு விலையும் இருந்தது. கிப்சனின் தலைப்பகுதி 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்தது. நட்டுக்குப் பின்னாலேயே ட்ரஸ் ராட்டைத் திருகும் இடத்துக்காக ஒரு குழி. மரம் மிகக் குறைந்த இடமும் இழை குறுக்காக ஓடும் இடமும் ஒன்றாக அமைந்ததால், கீழே விழுந்தால் அங்கேதான் முறியும். 1960களின் பிற்பாதியில் சாய்வைக் குறைத்தும், அடுத்த பத்தாண்டில் அந்த இடத்தில் ஒரு மரப் புடைப்பை விட்டும், மூன்று துண்டுகளை ஒட்டிக் கழுத்து செய்தும், மஹோகனிக்குப் பதில் மேப்பிள் போட்டும் நிறுவனம் போராடியது.

தந்தியும் இதே காலத்தில் மெலிந்தது. 1950களில் கடையில் கிடைத்த தந்திக் கட்டுகள் தடித்தவை. மூன்றாம் தந்தி சுற்றுக்கம்பியாகவே இருக்கும், வளைத்து இழுக்க விரல் நோகும். ஜேம்ஸ் பர்ட்டன் போன்ற இளம் வாசிப்பாளர்கள் பாஞ்சோத் தந்தியை வாங்கி மாட்டிச் சமாளித்தார்கள். கலிஃபோர்னியாவில் கிதார் கடை வைத்திருந்த எர்னி பால் இதைக் கவனித்து, 1962இல் ‘ஸ்லிங்கி’ என்ற பெயரில் மெல்லிய கட்டுகளை விற்கத் தொடங்கினார். 0.010 அங்குலத்தில் தொடங்கும் ஒரு கட்டு, ஃபெண்டர் அளவுக் கழுத்தில் மொத்தம் 47 கிலோ அளவுக்கே இழுக்கும். கழுத்து தடித்திருக்க வேண்டிய பழைய காரணத்தில் மிச்சமிருந்ததும் இதோடு போயிற்று.

1965இல் ஃபெண்டரை சி.பி.எஸ். ஒளிபரப்பு நிறுவனம் வாங்கியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இரு பெரிய நிறுவனங்களின் கழுத்துகளும் மெல்லிய திசையிலேயே நின்றன. பழைய தடித்த கழுத்துக்கு இந்தக் காலத்தில்தான் மெதுவாக மதிப்பு ஏறியது, அதுவும் சுற்றுவழியில். 1966இல் ஜான் மேயலின் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் வாசித்த லெஸ் பாலின் ஒலியைக் கேட்டு, நின்றுபோன சன்பர்ஸ்ட்களைத் தேடி எல்லோரும் அடகுக்கடைகளை அலசினார்கள். கிளாப்டனின் அந்தக் கிதார் 1960ஆம் ஆண்டின் மெல்லிய கழுத்து மாடல் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. தேடியவர்கள் கையில் கிடைத்தவற்றில் 1958இன், 1959இன் தடித்த கழுத்துகளும் இருந்தன. ஒலிக்காக வாங்கிய கிதாரின் கழுத்து உள்ளங்கைக்கு இதமாக இருப்பதைப் பலர் அப்படித்தான் கண்டுகொண்டார்கள். நல்ல ஒலிக்குத் தடித்த கழுத்தே காரணம் என்ற நம்பிக்கையும் அப்போது முளைத்ததே. அதில் ஒரு பகுதி உண்மை உண்டு: சில ஃப்ரெட்டுகளில் சுரம் சட்டென்று செத்துவிடுவதற்குக் கழுத்தின் அதிர்வு காரணம் என்று ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர், டில்மன் ட்ஸ்விக்கர் ஆகியோர் 1990களில் அளந்து காட்டினார்கள். கழுத்தின் விறைப்பும் எடையும் மாறினால் அந்த இடமும் மாறும். தடித்தால் எல்லாம் நன்றாக ஒலிக்கும் என்பது அந்த அளவீட்டிலிருந்து கிடைக்கும் முடிவு அல்ல.

1978இல் வான் ஹேலன் குழுவின் முதல் இசைத்தட்டு வந்த பிறகு மெல்லிய கழுத்து அதன் உச்சத்துக்குப் போனது. சார்வெல், ஜாக்சன், க்ரேமர் என்று வேக வாசிப்புக்கான கிதார்கள் பெருகின. ஜப்பானின் ஹோஷினோ கக்கி நிறுவனம் ஐபனெஸ் பெயரில் 1987இல் கிதார் கலைஞர் ஸ்டீவ் வாய்க்காக ஜெம் மாடலையும், அதன் தம்பியான ஆர்.ஜி. வரிசையையும் வெளியிட்டது. ஆர்.ஜி.யின் ‘விசார்ட்’ கழுத்து முதல் ஃப்ரெட்டில் 17 மி.மீ.; விரற்பலகையோ அகலமாகவும் ஏறக்குறையத் தட்டையாகவும் இருந்தது. கட்டைவிரலைக் கழுத்தின் நடுமுதுகில் ஊன்றி, விரல்களை விரித்து ஓட்டும் பாணிக்கு அது அருமையாகப் பொருந்தியது.

அதே பத்தாண்டில் எதிர்த்திசையும் தொடங்கியிருந்தது. தரம் சரிந்துவிட்டதாகப் பெயர் கெட்ட ஃபெண்டரைத் தூக்கி நிறுத்த யமஹாவிலிருந்து வந்த பில் ஷுல்ட்ஸும் டான் ஸ்மித்தும், 1952இன் டெலிகாஸ்டரையும் 1957, 1962 ஆண்டுகளின் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் 1982இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்கள். பழைய கழுத்து வடிவம் விற்பனைச் சரக்கு ஆனது. 1988இன் கிளாப்டன் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மென்மையான V, ‘பிளாக்கி’ என்று அவர் அழைத்த தன் பழைய கிதாரைப் பார்த்துச் செய்தது. 1991இல் வந்த ஜெஃப் பெக் மாடலின் கழுத்து மிகத் தடித்தது. பின்னர் வந்த திருத்தப் பதிப்பில் நிறுவனமே அதை இளைத்தது. பால் ரீட் ஸ்மித் தன் கிதார்களில் அகலமும் தடிமனும் சேர்ந்த ஒரு கழுத்தை விருப்பத் தேர்வாக வைத்தார். கிப்சனின் முன்னாள் தலைவர் டெட் மெக்கார்ட்டியின் பெயரில் 1994இல் அவர் வெளியிட்ட மாடல் 1950களின் உருண்ட கழுத்தைக் குறிவைத்தது.

ஆக, தடிமனைக் கட்டாயமாக்கிய காரணங்கள் எல்லாம் மறைந்த பிறகு, கையின் விருப்பம் ஒன்றை மட்டும் நம்பித் தடித்த கழுத்து திரும்பியது. அந்த விருப்பத்துக்குக் காரணம் பிடியில் இருக்கிறது. ப்ளூஸ், ராக் வாசிப்பவர்கள் பலர் கட்டைவிரலை மேல்தந்திக்கு மேலே வளைத்து, கழுத்தை உள்ளங்கையில் பொதிந்து, மணிக்கட்டைத் திருப்பித் தந்தியை இழுக்கிறார்கள். கழுத்து மெல்லியதானால் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வெற்றிடம் நிற்கிறது. கை அதைக் கிள்ளிப் பிடிக்கிறது. கட்டைவிரலின் அடிச்சதை சீக்கிரம் களைக்கிறது. தடித்த கழுத்து அந்த இடத்தை நிரப்புவதால் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. சிறிய கைக்கு மெல்லியது, பெரிய கைக்குத் தடித்தது என்ற பொதுச் சொல் இதனால்தான் அடிக்கடி பொய்க்கிறது. சிறிய கைக்காரர் தடித்த கழுத்தில் நிம்மதியாக வாசிப்பதும், நீண்ட விரல்காரர் விசார்டை விடாமல் பிடித்திருப்பதும் சாதாரணம்.

தடிமன் மட்டும் பிடியைத் தீர்மானிப்பதில்லை. ஒரே 23 மி.மீ. கழுத்து, C வடிவில் தோள் வழிந்திருந்தால் மெலிந்ததாகவும், D வடிவில் தோள் புடைத்திருந்தால் கட்டையாகவும் தோன்றும். எடி வான் ஹேலனுக்காக மியூசிக் மேன் நிறுவனம் 1991இல் செய்த கிதாரில், அவருடைய பழைய கழுத்தை அளந்து இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாத வடிவத்தை அப்படியே எடுத்தார்கள். சுவீடனின் ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க் உருண்டையையே விட்டுவிட்டு, தட்டையான முகங்கள் கொண்ட கழுத்தை உருவாக்கினார். பழைய ஃபெண்டர் வாங்குபவருக்கு ஒரு பொறியும் உண்டு: 1962 முதல் பத்தாண்டு காலம் கழுத்தின் அடியில் அச்சிட்ட A, B, C, D எழுத்துகள் நட்டின் அகலத்தைக் குறிப்பவை. B என்றால் 1⅝ அங்குலம், C என்றால் 1¾. முதுகின் வடிவத்தோடு அவற்றுக்குத் தொடர்பில்லை.

இன்று தடித்த கழுத்து தேடுபவருக்கு வழிகள் தெளிவாகவே இருக்கின்றன. கிப்சன் 2019இல் லெஸ் பால் ஸ்டாண்டர்டை ‘50ஸ்’, ‘60ஸ்’ என்று இரண்டாகப் பிரித்தது. முதலாவது உருண்ட கழுத்து, இரண்டாவது மெல்லியது. ஃபெண்டரின் 2022ஆம் ஆண்டு அமெரிக்கன் விண்டேஜ் II வரிசையில் 1951 டெலிகாஸ்டருக்கு அந்தப் பழைய U வடிவமே உண்டு. விலை குறைந்த வரிசைகளில் பெரும்பாலும் மெல்லிய C தான் கிடைக்கிறது. அங்கே லியோ ஃபெண்டரின் நான்கு திருகாணிகள் கைகொடுக்கின்றன: வாஷிங்டன் மாநிலத்தின் வார்மாத் போன்ற நிறுவனங்கள், முழு நீளத்துக்கும் ஓர் அங்குலத் தடிமன் கொண்ட ‘ஃபேட்பேக்’ உட்பட, கேட்ட வடிவில் கழுத்தை மட்டும் செய்து விற்கின்றன. கிதாரின் உடல் பழையதாகவே இருக்கலாம். புதிய கழுத்தின் அடிமுனை உடலில் உள்ள பள்ளத்தின் அகலத்துக்கும் தந்தி நீளத்துக்கும் பொருந்த வேண்டும். ஃபெண்டர் அளவு என்றால் 25½ அங்குலம். ஒட்டிய கழுத்துள்ள கிதாரில் இந்த மாற்று கிடையாது. வாங்கும்போதே முதல் ஃப்ரெட்டிலும் 12ஆம் ஃப்ரெட்டிலும் காலிப்பரை வைத்துப் பார்த்துவிட வேண்டும். தடித்ததை வேண்டுமானால் பின்னர் கிதார் தச்சரிடம் கொடுத்துச் சீவிக்கொள்ளலாம். அப்போதும் ட்ரஸ் ராட் பள்ளத்துக்கும் முதுகுக்கும் நடுவில் எவ்வளவு மரம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டுதான் அவர் சீவுளியை எடுப்பார்.